பிள்ளை ஓடினால் எழ வேண்டியவர் யார்?

சகோதரி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் குடும்பத்தோடு உணவங்காடி நிலையத்துக்குப் போயிருக்கிறீர்கள். நான்கு வயது மகன் மேசைகளுக்கு இடையே ஓடியிருக்கிறான். சூடான சூப் கிண்ணத்தைத் தட்டில் ஏந்திவந்த சீனப் பெரியவர் ஒருவர் அவன்மீது மோதாமல் இருக்கத் தடுமாறியதில் சூப் அவர் கைமேலேயே சிந்திவிட்டது. "வீட்டில் யாரும் சொல்லித் தருவதில்லையா?" என்று அவர் உங்கள் மகனிடம் உரத்த குரலில் கேட்க, உங்கள் கணவர் அவரோடு வாக்குவாதத்தில் இறங்க, ஏழு வயது மகள் அழுதுவிட்டாள். முன்பின் தெரியாதவர் என் பிள்ளையைத் திட்டலாமா, சிங்கப்பூரில் பிள்ளைகளோடு வெளியே போகவே முடியாதா என்று கேட்கிறீர்கள். ஆனால் இடையே, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ஓடாதே, அங்கிள் திட்டுவார் என்று நானும் பல முறை சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்." நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அந்த வரிக்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. நான்கு வயதுப் பிள்ளையிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம், அவனை அடக்குவது யார் வேலை, அதில் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பங்கு உண்டா இல்லையா என்பதுதான் அது.

நான் இங்குள்ள பாலர் பள்ளிகளில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் கற்பித்துவருகிறேன். இரண்டரை வயது முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகள்தாம் என் பொழுது முழுவதும். அவர்களை எம்ஆர்டி ரயிலில் ஏற்றி, நூலகத்துக்கும் விலங்குத் தோட்டத்துக்கும் கூட்டிப்போய், போன எண்ணிக்கையிலேயே திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதும் இந்த வேலையில் அடக்கம். நான் மருத்துவர் அல்லேன், வழக்கறிஞரும் அல்லேன். ஒரு பத்தி எழுத்தை வைத்துக்கொண்டு உங்கள் மகன் எப்படிப்பட்டவன் என்று தீர்ப்புச் சொல்லவும் எனக்குத் தகுதி இல்லை. பொதுவாக அந்த வயதைப் பற்றிச் சொல்ல முடியும்.

முதலில் அந்தப் பெரியவர். அறுபது பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கும் தண்ணீர் வளர்ந்தவரின் தோலையே ஏறத்தாழ ஐந்து வினாடியில் ஆழமாக வேகவைத்துவிடும். எழுபது பாகை என்றால் ஒரு வினாடி போதும். பிள்ளைகளின் தோல் மெல்லியது, அவர்களுக்கு இன்னும் விரைவில் வெந்துவிடும். உணவங்காடியில் மீன் சூப்பும் பான் மியான் என்ற நூடல்ஸ் சூப்பும் கொதிக்கும் பாத்திரத்திலிருந்து நேரே கிண்ணத்துக்கு வருபவை. நான்கு வயதுப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர், அதாவது தட்டு ஏந்தி நடப்பவரின் தட்டுக்குச் சற்று மேலோ கீழோ அவன் தலை. தட்டின் மறுபுறம் வருபவன் அவர் கண்ணுக்குத் தெரியவே மாட்டான். அவர் தடுமாறிய அந்த நொடியில் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தால் நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி வேறாக இருந்திருக்கும். அவர் போட்ட சத்தத்தில் பாதிக்கு மேல் பயம்தான் என்று நினைக்கிறேன். வீட்டை இழுத்துப் பேசியது தேவையற்றது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையில் சூடு பட்ட ஒருவரிடம் அந்தக் கணத்தில் சொல்நயம் எதிர்பார்ப்பது அதிகம். (இடையில் ஒன்று: இப்படிச் சூடு பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுவதுதான் முதலுதவி. நம் வீடுகளில் இன்னமும் பற்பசையைத் தேடி ஓடுகிறார்கள். அதை விட்டுவிடுங்கள், பனிக்கட்டியும் வேண்டாம்.)

இனி "அங்கிள் திட்டுவார்." இதை நீங்கள் மட்டும் சொல்வதில்லை, நம் குடும்பங்களில் ஊறிப்போன பழக்கம் இது. சாப்பிடாவிட்டால் போலீஸ் வரும், அழுதால் டாக்டர் ஊசி போடுவார், ஓடினால் அங்கிள் திட்டுவார். என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். மேசை துடைக்க வரும் துப்புரவு ஊழியரைக் கண்டால் ஆசிரியரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். ஒரு நாள் மெல்ல விசாரித்தபோது, "சோறு சிந்தினால் அந்த ஆன்ட்டி பிடித்துக்கொண்டு போய்விடுவார்" என்றாள். எழுபது வயதை நெருங்கும் அந்த அம்மையார் சிந்திய சோற்றைத் துடைத்துவிட்டு, இவளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்வார். அவரை இவளுக்குப் பூதமாக்கி வைத்தது வீட்டில் சொன்ன ஒரு வாக்கியம்.

அந்த வாக்கியத்தில் இருக்கும் சிக்கலைப் பாருங்கள். ஓடினால் என்ன ஆகும் என்பது அதில் இல்லவே இல்லை. சூப் இல்லை, சுடுவது இல்லை, முட்டிவலியோடு நடந்து வருபவர் இல்லை. திட்டு மட்டும்தான் இருக்கிறது. அப்படியானால் அங்கிள் பார்க்காதபோது ஓடலாம். உங்கள் மகன் அதைத்தான் செய்தான், பிள்ளைகள் இந்த வகையில் கூர்மையான சட்ட வல்லுநர்கள். இன்னொன்று, கண்டிக்கும் வேலையை நாமே முன்பின் தெரியாதவரிடம் ஒப்படைத்துவிடுகிறோம். அவர் அந்த வேலையைச் செய்யும்போது நமக்குக் கோபம் வருகிறது. "என் பிள்ளையைத் திட்ட நீ யார்?" என்று உங்கள் கணவர் கேட்ட அந்த மனிதர், சற்று முன்புவரை உங்கள் வாயால் நியமிக்கப்பட்டவர். கடுமையாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி இதுதான்.

நான்கு வயதில் என்ன முடியும், என்ன முடியாது என்பதில் ஐயமில்லாமல் சொல்லக்கூடிய சில உண்டு. ஆசையை அடக்குவது, காத்திருப்பது, சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு செய்வது எல்லாம் மூளையின் முன்பகுதியைச் சார்ந்தவை. அந்தப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. தரையில் விழுந்து புரளும் அடம் ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை உச்சத்தில் இருக்கும், நான்கு வயதுக்குமேல் பெரும்பாலான பிள்ளைகளிடம் படிப்படியாகக் குறையும். தனக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்ற எண்ணமே ஏறக்குறைய நான்கு, ஐந்து வயதில்தான் துளிர்க்கிறது. "அவர் உன்னைப் பார்க்கவில்லை" என்பது மூன்று வயதுப் பிள்ளைக்குப் புரியாத தத்துவம். அவன் அவரைப் பார்த்தானே, பிறகென்ன? உங்கள் மகன் அதைப் புரிந்துகொள்ளத் தொடங்கும் வயதில் இருக்கிறான். ஏழு வயது மகளுக்கு அது நன்றாகவே புரியும், விதியின் காரணத்தையும் தம்பிக்கு விளக்கிச் சொல்வாள். அதற்காகத் தம்பியைக் கண்காணிக்கும் வேலையை அவள் தலையில் கட்டிவிடாதீர்கள். அன்று அவள் அழுததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்று எனக்கு ஓர் ஊகம், அவ்வளவுதான்.

அடுத்து, அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாதவை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்லர். 1956இல் நியூயார்க்கில் தொடங்கிய நீண்டகால ஆய்வில் மனநல மருத்துவர்கள் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் இருவரும் பிறவியிலேயே எளிதில் இசையும் குழந்தைகளும், கடினமான சுபாவமுள்ள குழந்தைகளும், மெல்லப் பழகும் குழந்தைகளும் உண்டு என்று எடுத்துக்காட்டினார்கள். எந்த அளவுக்குச் சுபாவம், எந்த அளவுக்கு வளர்ப்பு என்பதை ஒரு குறிப்பிட்ட பிள்ளையை வைத்துப் பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது. அதேபோல, மிட்டாயைத் தின்னாமல் காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் முன்னேறினார்கள் என்ற உளவியலாளர் வால்டர் மிஷலின் புகழ்பெற்ற சோதனையைப் பெற்றோர் என்னிடம் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். 2018இல் இன்னும் பெரிய எண்ணிக்கையில் பிள்ளைகளை வைத்து அதைத் திரும்பப் பார்த்தபோது, குடும்பச் சூழலைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு பெரிதும் தேய்ந்துபோனது. ஆகவே உங்கள் மகன் ஓடினான் என்பதிலிருந்து அவன் எதிர்காலத்தைக் கணிக்க முயலாதீர்கள். உறவினர்கள் முயன்றாலும் கேட்காதீர்கள்.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்த இன்னொன்று, நாற்காலியிலிருந்து வரும் குரலுக்கு நான்கு வயதுப் பிள்ளை அடங்கமாட்டான். விளையாட்டில் மூழ்கியவனுக்கு அது காற்றோடு போகும் சத்தம். எழுந்து, அருகில் போய், அவன் உயரத்துக்குக் குனிந்து, கையைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை சொன்னால் போதும், ஐந்து முறை அமர்ந்த இடத்திலிருந்து சொல்வதைவிட வேலை செய்யும். உங்கள் சாப்பாடு ஆறிப்போகும்தான். பிள்ளை வளர்ப்பவர்கள் சூடாகச் சாப்பிடுவது சில ஆண்டுகளுக்கு நடக்காத காரியம், இதில் நான் ஆறுதல் எதுவும் சொல்வதற்கில்லை.

பாலர் பள்ளியிலிருந்து வெளியே போகும்போது நாங்கள் எப்படிச் சமாளிக்கிறோம் என்று பலர் கேட்பார்கள். மிரட்டியா? இங்கே பாலர் பள்ளிகளில் பிள்ளைகளை அடிப்பதற்கு விதிமுறைகளே இடம் தருவதில்லை, ஆகவே அந்த வழி எங்களுக்கு எப்போதும் இருந்ததில்லை. ஒத்திகைதான் எங்கள் இரகசியம். எம்ஆர்டியில் போவதற்குச் சில நாட்களுக்கு முன்பே வகுப்பறையில் நாற்காலிகளை எதிரெதிர் வரிசையாகப் போட்டு ரயில் பெட்டி ஆக்குவோம். தரையில் நாடா ஒட்டினால் அது நடைமேடை. இறங்குபவர்களாகச் சிலர், ஏறுபவர்களாகச் சிலர். நடுவில் வழிவிட்டுப் பக்கவாட்டில் நிற்கப் பழகுவார்கள். கதவு மூடும் ஒலியை வாயால் எழுப்ப ஒருவன் எப்போதும் தயாராக இருப்பான், அந்தப் பதவிக்குப் போட்டியே நடக்கும். "கத்தாதே, ஓடாதே, ஏறாதே" என்று நாங்கள் சொல்வதில்லை. "ஓடாதே" என்ற சொல்லில் பிள்ளையின் காதில் விழுவது ஓட்டம்தான். செய்ய வேண்டியதைச் சொல்வோம்: கால் தரையில், கை கம்பியில், குரல் பக்கத்து நண்பனுக்கு மட்டும். மூன்றுக்கு மேல் சொன்னால் முதலில் சொன்னது போய்விடும். இவ்வளவும் செய்தபிறகு உச்சநேரம் முடிந்த பின்புதான் கிளம்புவோம். நல்லொழுக்கத்தில் பாதி நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது என்பது என் கருத்து. தூக்கம் வரும் நேரத்திலும் பசி முற்றிய நேரத்திலும் எந்தப் பிள்ளையும் உத்தமன் அல்லன். நண்பகல் ஒரு மணிக்கு, காலியான மேசை தேடி, டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம்பிடித்து, வரிசையில் இருபது நிமிடம் நின்று வாங்கிவரும்வரை காத்திருக்கச் சொன்னால் பெரியவர்களுக்கே பொறுமை போகும்.

ரயில் பெட்டிக்குள் இருக்கைகளைப் பற்றிப் பெற்றோரிடையே எப்போதும் கருத்து வேறுபாடு. என் நிலைப்பாடு இது: நான்கு வயதுக்காரன் உட்காரட்டும், வண்டி திடீரென்று நின்றால் அவனால் தாக்குப்பிடிக்க முடியாது. கூட்டம் இருந்தால் உங்கள் மடியில். ஏழு வயதுக்காரி கம்பியைப் பிடித்து நிற்கலாம், வயதானவர் ஏறினால் எழச் சொல்லலாம். ஆனால் அவளை எழச் சொல்லிவிட்டு நீங்கள் அமர்ந்திருக்கக் கூடாது. உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1961இல் ஒரு பொம்மையை வைத்துச் செய்த சோதனையில், பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் தாங்களும் அடித்தார்கள், பெரியவர் பயன்படுத்திய அதே சொற்களைக்கூடச் சொன்னார்கள். நாம் சொல்வதைவிட நாம் செய்வது அவர்களுக்குள் எளிதாக இறங்குகிறது. அன்று உங்கள் மகன் பார்த்தது என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஒருவருக்குக் கையில் சூடு பட்டது, அப்பா அவரோடு சண்டை போட்டார்.

தட்டைத் திருப்பி வைப்பது இந்த ஊர் நமக்குக் கொடுத்திருக்கும் நல்ல பயிற்சிக்களம். 2021 செப்டம்பர் முதல் உணவங்காடி நிலையங்களில் தட்டையும் குப்பையையும் மேசையிலேயே விட்டுப்போனால் முதலில் எழுத்து எச்சரிக்கை, மீண்டும் செய்தால் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் நடைமுறைப்படுத்தியது. பெரியவர்கள் இதை அபராதமாகப் பார்க்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். கரண்டியையும் முள்கரண்டியையும் மட்டும் ஒரு சிறு கிண்ணத்தில் போட்டு மகன் கையில் கொடுங்கள், இரண்டு கையாலும் ஏந்தி நடக்கட்டும். எதிரே வருபவர்களைப் பார்த்துப் பார்த்து, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து நடப்பான். ஹலால் தட்டுகளுக்கு ஓர் அடுக்கு, மற்றவற்றுக்கு வேறோர் அடுக்கு. எது எங்கே என்று கண்டுபிடிப்பதும் அவன் வேலை. ஏன் தனித்தனி என்று கட்டாயம் கேட்பான். அண்டைவீட்டு மலாய்க் குடும்பத்தைச் சொல்லி விளக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. கையில் ஏதாவது ஏந்தி நடந்து பழகியவனுக்குத்தான் ஏந்தி நடப்பவரின் கஷ்டம் தெரியும். அதற்குப் பிறகு "ஓடினால் தட்டு விழும்" என்று நீங்கள் சொன்னால் அவனுக்கு அது வெறும் வார்த்தை அல்ல.

கைப்பேசியைக் கொடுத்து உட்கார வைத்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். மேசைக்கு மேசை பார்க்கிறோம். சுகாதார அமைச்சின் வழிகாட்டியில் ஒன்றரை வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்றும், ஒன்றரை வயது முதல் ஆறு வயது வரை பள்ளிக்கு வெளியே நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக, சாப்பாட்டு வேளையில் இல்லாமல் என்றும் இருக்கிறது. இதில் நான் மிகவும் கறார் என்று சொல்லமாட்டேன். காய்ச்சலோடு இருக்கும் பிள்ளையைப் பாலிகிளினிக் எனும் அரசு மருந்தகத்தில் இரண்டு மணி நேரம் காக்க வைக்கும் தாய் ஒரு கார்ட்டூன் காட்டினால் நான் குறை சொல்லமாட்டேன், ஒலியை அணைத்துவிட்டால் போதும். ஆனால் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் திரை என்றால், வெளியிடத்தில் எப்படி இருப்பது என்பதைப் பழக அந்தப் பிள்ளைக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. அவன் உடல் அங்கே இருக்கும், அவன் அங்கே இல்லை.

இன்னொரு சங்கதியைச் சொல்ல வேண்டும், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். நம் வீடுகள் பலவற்றில் வார நாட்களில் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவது தாத்தா பாட்டி அல்லது பணிப்பெண். மின்தூக்கியில் எல்லாத் தளப் பொத்தான்களையும் அழுத்தும் பையனுக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? தடுத்தால் பையன் அழுவான், அழுதால் வீட்டில் விசாரணை வரும். பொறுப்பைக் கொடுத்துவிட்டு அதிகாரத்தைக் கொடுக்காமல் இருந்தால் அவர் என்ன செய்வார்? "அக்கா சொன்னால் அம்மா சொன்ன மாதிரி" என்று பிள்ளையின் முன்னிலையில் நீங்கள் சொல்ல வேண்டும், அதன்படி நடக்கவும் வேண்டும். கடையில் "தேங்க் யூ ஆன்ட்டி" என்று அழகாகச் சொல்லும் சில பிள்ளைகள் வீட்டில் அந்த அக்காவிடம் "தண்ணீர்" என்று ஒற்றைச் சொல்லில் ஆணையிடுவதை நான் பார்த்திருக்கிறேன். முதல் பழக்கம் நாடகம், இரண்டாவதுதான் அந்தப் பிள்ளை உண்மையில் கற்றது.

"அந்தக் காலத்தில் கம்பத்தில் (கிராமத்தில்) யார் வேண்டுமானாலும் யார் பிள்ளையையும் அதட்டுவார்கள், பிள்ளைகள் ஒழுங்காக இருந்தார்கள், இப்போது கெட்டுப்போய்விட்டது" என்று உங்கள் மாமனார் சொல்கிறார் என எழுதியிருந்தீர்கள். முதல் பாதி உண்மையாக இருக்கலாம். இரண்டாம் பாதியை நிரூபிக்க எவரிடமும் அளவுகோல் இல்லை. ஒன்றை மட்டும் அவரிடம் பணிவோடு நினைவூட்டலாம். 1979இல் அரசாங்கம் மரியாதை இயக்கம் ஒன்றைத் தொடங்கி, வளர்ந்த மனிதர்களுக்கே புன்னகைக்கவும் வரிசையில் நிற்கவும் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. 1982இல் சிங்கா என்ற சிங்கத்தைச் சின்னமாகக் கொண்டுவந்தார்கள். 2013இல் அந்தச் சிங்கமே களைத்துப்போய்ப் பதவி விலகுவதாகக் கடிதம் எழுதியது. பொற்காலத்துக்குச் சிங்கம் தேவைப்பட்டிருக்காது.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. இந்த ஊரில் பிள்ளைகளுக்கு இடம் குறைவு. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்து விளையாடத் தடை என்று பலகை, நடைபாதையில் ஓடினால் அண்டைவீட்டார் முகம் சுளிப்பு, வீட்டுக்குள் குதித்தால் கீழ்த்தளத்துக்காரரின் புகார். 2023இல் மொத்தக் கருவுறுதல் விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, 0.97 ஆக, ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. சின்னப் பிள்ளை உள்ள வீடுகள் குறையக் குறைய, சின்னப் பிள்ளையின் இயல்பு என்ன என்பதே பலருக்கு மறந்துவருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் எண்ணம்தான், ஆய்வு முடிவு அல்ல. பேருந்தில் கைக்குழந்தை அழுதால் திரும்பித் திரும்பிப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது: அழுகையைக் குழந்தை தேர்ந்தெடுக்கவில்லை, தாயும் தேர்ந்தெடுக்கவில்லை. 2017 முதல் தள்ளுவண்டியை மடிக்காமலேயே பேருந்தில் ஏற்ற அனுமதி இருக்கிறது. அதற்கும் முகம் சுளிப்பவர்கள் உண்டு.

சத்தத்தையும் ஆபத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. கைக்குழந்தை அழுவதைப் பொறுத்துக்கொள்வது சுற்றியிருப்பவர்களின் கடமை. சூடான தட்டுகளுக்கு இடையில் ஓடுவதும், நகரும் படிக்கட்டில் உட்கார்வதும், நடைமேடை விளிம்பில் துரத்தி விளையாடுவதும் எவரும் பொறுத்துக்கொள்ள வேண்டியவை அல்ல. அங்கே முன்பின் தெரியாதவர் குரல் கொடுத்தால் நன்றி சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பவை, கோயில் மண்டபத்தில் ஓடுவது, நூலகத்தில் உரக்கக் கேள்வி கேட்பது போன்றவை, இடத்தையும் நேரத்தையும் பொறுத்தவை. நூலகத்தின் சிறுவர் பகுதியில் கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும். கோயிலில் பூசை முடிந்த பிறகு பிரகாரத்தில் பிள்ளைகள் ஓடினால் சாமிக்கு ஒன்றும் ஆகாது, விளக்குகள் எரியும் இடத்தைத் தவிர.

சில பிள்ளைகளுக்கு இரைச்சலும் கூட்டமும் உண்மையிலேயே தாங்க முடியாத வேதனை. வெளியிலிருந்து பார்த்தால் அது அடம்போலத்தான் தெரியும். ஆகவே பார்த்த மாத்திரத்தில் வளர்ப்பைக் குறை சொல்வதை நான் என் தொழிலில் விட்டுவிட்டேன். உங்கள் மகன் பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, பேச்சு தாமதம், எல்லா இடங்களிலும் இதே நிலை என்று பாலர் பள்ளி ஆசிரியரும் சொன்னால், பாலிகிளினிக்கில் காட்டுங்கள். தேவைப்பட்டால் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ வளர்ச்சிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடியதற்காக அங்கே போக வேண்டியதில்லை.

சட்டப்படி பொறுப்பு யாருடையது என்றும் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்த பொதுவான அளவில்: பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு இங்கே குற்றவியல் பொறுப்பு இல்லை. முன்பு ஏழு வயதாக இருந்த வரம்பை 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் உயர்த்தியது. பிள்ளை இழைத்த சேதத்துக்குப் பெற்றோர் என்பதாலேயே தாயோ தந்தையோ தானாகப் பொறுப்பாவதில்லை, ஆனால் கவனிக்க வேண்டிய அளவுக்குக் கவனிக்காமல் விட்டார்கள் என்று காட்டினால் பொறுப்பாகலாம். அதற்குமேல் வழக்கறிஞரிடம் கேளுங்கள். அந்தப் பெரியவரின் விஷயத்தில் சட்டத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியது ஒரு மன்னிப்பும், புதிய சூப் ஒரு கிண்ணமும்.

கடைசியாக, மகனைக் கூட்டிப்போய் அவரிடம் மன்னிப்புக் கேட்க வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே அங்காடிக்கு வழக்கமாக வருபவர் என்கிறீர்கள், ஆகவே பார்க்க நேரும். பார்த்தால் நீங்கள் போங்கள், முடிந்தால் உங்கள் கணவரும். "அன்று கையில் சூடு பட்டதே, சரியாகிவிட்டதா அங்கிள்?" என்று கேளுங்கள். மன்னிப்பு உங்களுடையதாக இருக்கட்டும், மகன் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். "சாரி சொல்லு, சொல்லு" என்று எல்லாருக்கும் முன்னால் பிள்ளையின் தோளைக் குலுக்கினால் அவன் அந்தச் சொல்லைத்தான் வெறுப்பான். தானாக ஒரு வணக்கமோ ஹலோவோ சொன்னால் இலாபம். கணவரிடம் இதைப் பேசுவது இதைவிடக் கடினம் என்று தெரியும். பிள்ளைகள் தூங்கிய பிறகு பேசுங்கள், "நீங்கள் செய்தது தவறு" என்று தொடங்காமல், அடுத்த முறை யார் சாப்பாடு வாங்கப் போவது, யார் மகனோடு இருப்பது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்த ஞாயிறு பதினொன்றரைக்கே போய்விடுங்கள். கடைகளின் வரிசையிலிருந்து தள்ளி, சுவரோரம் இருக்கும் மேசையைப் பிடியுங்கள், மகனை உட்பக்கம் உட்காரவையுங்கள். அவனுக்கான உணவை முதலில் வாங்கிவிடுங்கள். ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் அவனோடு இருக்கட்டும். அவன் சாப்பிட்டு முடித்தபின் கால் பரபரத்தால், மகளை அப்பாவிடம் விட்டுவிட்டு நீங்கள் அவனை வெளியே விளையாட்டுத் திடலுக்குக் கூட்டிப்போகலாம். மீதியைப் பொட்டலம் கட்டித் தரக் கடைக்காரர்கள் மறுக்கமாட்டார்கள்.